தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றிய தெரு

"முதல் வீட்ல நாய்னு சொன்னே, ரெண்டாவது வீட்ல..."

"நாய் இல்ல அண்ணி, நாய்ங்க. ஒண்ணு நிறுத்தினா இன்னொண்ணு..."

"ரெண்டாவது வீட்ல பக்கத்துல தச்சுப் பட்டறைன்னே..."

"பட்டறைன்னா பட்டறைதானே? ரம்பம் என்ன தாலாட்டா பாடும்?"

"மூணாவது வீட்ல என்ன கேடு? குழாய் சொட்டுதாம்! ஒரு வாஷரை மாத்தினா நிக்குது. அதுக்கு ஒரு வீட்டையே வேண்டாம்னு சொல்ற மகராசியை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"அந்தச் சொட்டுற சத்தம் பதிவுல வர்ற சத்தத்தோட கலந்துடும் அண்ணி. எது குழாய், எது மனுஷங்க நாக்கைச் சப்புக்கொட்டுறதுன்னு தெரியாது."

"நாக்கைச் சப்புக்கொட்டுறதையுமா எழுதறே?"

"அதைத்தானே எழுதறேன்!"

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்ப்புறம், வெயில் தலையில் அடிக்க, இருவரும் நின்ற இடத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் போன இரண்டு மாணவர்கள் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு, எவ்வளவு தாமதம் என்று நாளெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்பு கேட்டாலும் மூன்றாம் வீட்டிலிருந்து உப்பு வந்துவிடும் என்று அவள் கணவன் சொல்வான். எதிரே நின்றவள் அந்தக் கணவனின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். ஆராய்ச்சி மாணவி.

சின்னவளின் ஆராய்ச்சி விநோதமானது. ஆட்கள் கூடி ஒரு வேலையைச் செய்யும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயம். டயர் மாற்றும்போது, கட்டிலைப் பிரிக்கும்போது, பந்தலுக்குக் கம்பு நடும்போது என்று போய்ப் போய்ப் பதிவு செய்துகொண்டு வருவாள். பிறகு ஒவ்வொரு சொல்லையும், மூச்சையும், முனகலையும் எழுத்தில் இறக்குவாள். பாதிப் பதிவுகள் இன்னும் பாக்கி. உதவித்தொகை இந்தப் பருவத்தோடு நின்றுபோகும். அதற்குள் எழுதி முடிக்காவிட்டால் அத்தனை நாள் அலைந்ததும் அம்போ.

இதுவரை அண்ணன் வீட்டுப் பக்கத்தறையில்தான் இருந்தாள். அந்த வீட்டில் ஏழு வயதில் இரட்டையர் இருவர் இருந்தார்கள்.

"என் பசங்க சத்தம்தான் காரணம்னு நேரா சொல்லிடேன். எதுக்கு நாய் மேலயும் குழாய் மேலயும் பழி?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"சொல்ல வேண்டாம். முகத்துல எழுதி ஒட்டியிருக்கு."

"அண்ணி, நீங்கதானே கூட வர்றேன்னு அடம் பிடிச்சீங்க? வந்துட்டு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் சண்டை போட்டா எப்படி?"

"நான் வரலேன்னா எவனாவது ஒழுகற கூரையை உன் தலையில கட்டிடுவான். நீ சத்தம் இருக்கா இல்லையான்னுதான் பார்ப்பே, கூரை இருக்கான்னு பார்க்கமாட்டே. சரி, அடுத்தது எங்க?"

சின்னவள் கைப்பேசியை நீட்டினாள். துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் படம் பிடித்து வைத்திருந்தாள். அண்ணி தொழில் குரலில் படித்தாள்.

"மாடியில் ஓர் அறை காலி. பகலில் வரவும். மணி அடிக்க வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம். வாசலில் நின்றால் போதும்." நிறுத்தினாள். "நின்னா போதுமா? நின்னா எப்படித் தெரியும் அவங்களுக்கு?"

"அதான் எனக்கும் தெரியல. போய்த்தான் பார்ப்போமே."

இரண்டு திருப்பம் தாண்டியதும் தெரு வந்தது. உள்ளே பத்தடி போனதும் அண்ணி தானாகவே பேச்சை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினோம் என்று அவளுக்கே புரியவில்லை. இரண்டு பக்கமும் சாதாரண மாடி வீடுகள்தான். சுட்டெரிக்கும் பகலில் எல்லா ஜன்னலுக்கும் கருப்புத் திரை போட்டிருந்தது. ஒவ்வொரு கேட்டின் தாழ்ப்பாளிலும் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். குப்பைத் தொட்டி மூடிகளின் விளிம்பில் ரப்பர் ஒட்டியிருந்தது. எதிரே ஒருவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல், மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். தபால்காரர் ஒரு வீட்டின் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, பெட்டியின் மூடியை விரலால் தாங்கி மெல்ல இறக்கினார்.

"யாராவது போயிட்டாங்களா?" என்று அண்ணி கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்ததில் தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தெரு முழுக்கவா போயிருப்பாங்க?"

"அப்ப யாருக்கும் காது கேட்காது."

"காது கேட்காதவங்க ஏன் அண்ணி தாழ்ப்பாளுக்குத் துணி சுத்தணும்?"

"அப்படின்னா எல்லாரும் உன்னை மாதிரி ஆராய்ச்சி பண்றவங்க. ஒரு தெருவையே பிடிச்சுட்டாங்க. சப்புக்கொட்டறதை எழுதறாங்க."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் குறிப்பிட்ட வீட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மாடித் திரை ஒரு விரற்கடை விலகி மூடிக்கொண்டது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், மத்தியானத்தில் இரவு உடையோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தபடி நின்றிருந்தாள்.

"அறை பார்க்கவா?" என்றாள் வெறும் காற்றால். "செருப்பைக் கையில எடுத்துக்கோங்க."

மாடியறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கட்டில். நாற்காலிக் கால்களுக்குக் குழந்தைகள் போடும் சாக்ஸ் மாட்டியிருந்தது. சின்னவள் அறையின் நடுவே நின்று கண்ணை மூடினாள்.

"என்ன கேட்குது?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் இளிக்கறே?"

"ஒண்ணுமே இல்ல அண்ணி! என் காதுக்குள்ள ரத்தம் ஓடறது கேட்குது."

"அதுக்கு டாக்டரைத்தான் பார்க்கணும்." சொல்லிவிட்டு அண்ணி அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்த வீடுகளிலெல்லாம் குறை தேடிக்கொண்டிருந்த முகம் இப்போது பசியாறின முகமாக இருந்தது. குறை தேடும் வேலை இப்போது அண்ணிக்கு வந்தது. கூரையை நிமிர்ந்து பார்த்தாள். ஒழுகின தடம்கூட இல்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் சின்னவள். "நாளைக்கே வந்துடறேன்."

"அவசரப்படாதீங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. "உங்களுக்கு அறை பிடிச்சா ஆச்சா? எங்களுக்கு உங்களைப் பிடிக்க வேண்டாமா? இங்க ஒரு வழக்கம் இருக்கு. வர்றவங்க இந்த அறையில உட்கார்ந்து, ஒரு மணி நேரம் அவங்க வேலையை, வீட்ல எப்படிச் செய்வாங்களோ அப்படியே செஞ்சு காட்டணும். கீழே தூங்கற ஆள் எழுந்திருக்கலேன்னா அறை உங்களுக்கு."

"ஒத்திகையா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன். போன மாசம் ஒரு பையன் வந்தான். தட்டச்சு பண்ணான் பாருங்க, ஆணி அடிக்கற மாதிரி. அதுக்கு முன்னாடி ஒருத்தர் வாயைத் திறக்கவே மாட்டேன்னு சத்தியம் பண்ணார். பத்தாவது நிமிஷம் தூங்கிட்டார். குறட்டை. அவரை எழுப்பி அனுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"என் விஷயத்துல பயமே வேண்டாம்மா. காதுல மாட்டிக்கிட்டுக் கேட்பேன், பென்சிலால எழுதுவேன். எலி நடக்கற சத்தம்கூட வராது." சின்னவள் திரும்பினாள். "இல்லையா அண்ணி?"

அண்ணி நாற்காலியின் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லிட்டே. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

சின்னவள் பையைத் திறந்து காது முழுவதும் மூடுகிற பெரிய ஹெட்ஃபோனை எடுத்தாள். மற்ற இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

சமையலறையில் வீட்டுக்காரம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பாத்திரத் தொட்டியின் அடியில் பஞ்சு விரித்திருந்தது. அண்ணியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. இந்தத் தெருவுக்கு என்னதான் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எல்லாரும் தூங்கறாங்க. இந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கில்ல, அதுல ராத்திரி வேலை பார்க்கறவங்கதான் தெரு முழுக்க. நர்சுங்க, லேப் ஆளுங்க, ஆம்புலன்ஸ் ஓட்டறவங்க. நான் ஆபரேஷன் கத்தி, கத்தரியெல்லாம் சுத்தம் பண்ணி அடுக்கற பிரிவு. முதல்ல நாலு பேர் வந்தோம். பகல்ல தூங்க முடியாமச் செத்தோம். அப்புறம் தெரிஞ்சவங்களாவே பார்த்துப் பார்த்துக் குடி வெச்சோம். இப்ப வெளியாளுன்னு யாருமே இல்ல. இந்த மாடி ஒண்ணுதான் ஆள் கிடைக்காம நிக்குது."

"பாத்திரம் விழுந்தா?"

"விழாது."

"தும்மல் வந்தா?"

"தலகாணி."

"சரி, புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தா?"

"லீவு நாள் வரைக்கும் தள்ளிப் போடுவாங்க. அதுக்குள்ள பாதிக்கு மேல மறந்துபோயிடும்."

அண்ணி தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கடிகாரத்திலும் முள் ஓடுகிற சத்தம் இல்லை. மாடிப்படியைப் பார்த்தாள். பன்னிரண்டு பதின்மூன்று படிதான். ஏறிப் போய் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதி எழுந்தாள்.

"பாத்ரூமா? அந்தப் பக்கம்."

"இல்ல, கால் மரத்துப்போச்சு." உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க நாத்தனார் அமைதியான பொண்ணுதானே?"

"தங்கம்," என்றாள் அண்ணி. "எங்க வீட்ல எனக்குப் பேச்சுத் துணையே அவதான். உங்க வீட்டுக்காரர் பேசுவாரா? எங்க வீட்ல அவர் பேசினா அன்னைக்குத் தேதியைக் குறிச்சு வைக்கணும்."

வீட்டுக்காரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் மேலேயிருந்து அது வந்தது.

"தூக்கு!"

வீட்டுக்காரம்மாவின் திறந்த வாய் அப்படியே நின்றது.

"தூக்கு... இன்னும் தூக்கு... உன் பக்கம்டா, என் பக்கம் இல்ல!" கட்டைக் குரல். உடனே இன்னொரு குரல், மூக்கால்: "நான் தூக்கித்தான் இருக்கேன், அவன்தான் சும்மா தொட்டுக்கிட்டு நிக்கறான்!" பிறகு ஒரு கிழவியின் குரல், எட்டு ஊருக்குக் கேட்கும்படி: "மூணு ஆம்பளைங்க, ஒரு பீரோ! வெக்கமாயில்ல?"

"மேலே யார் யார் இருக்காங்க?" என்றாள் வீட்டுக்காரம்மா.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "ஒருத்திதான்."

"சாய்ங்க! சாய்ங்க! ஐயோ, கால்! கால் மேல விட்டுட்டீங்களே, என் கால்!"

பக்கத்து அறைக் கதவு படாரென்று திறந்தது. அந்தத் தெருவில் அப்படி ஒரு கதவு திறந்து எத்தனை வருஷமாயிற்றோ. அரைக்கால் சட்டையும் கலைந்த தலையுமாக ஓர் ஆள் முதலுதவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பாய்ந்தார். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

"எங்க? யாரு? பீரோ எந்தப் பக்கம் விழுந்திருக்கு?"

"ஐயோ, நில்லுங்க, அது..." என்றாள் அண்ணி.

கீழே தூங்கிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவர்தான்; நிற்கவில்லை. மூன்று மூன்று படியாக ஏறினார். அடுத்த வீட்டுச் சுவர் தாண்டி இரண்டு நர்சுகள் வெறுங்காலோடு ஓடிவந்தார்கள். எல்லோரும் மாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே விழுந்தபோது, சின்னவள் ஹெட்ஃபோனோடு கண்ணை மூடி, ஒரு கையால் இல்லாத பீரோவைத் தாங்கிக்கொண்டு, கட்டைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நகருங்க, நகருங்க, காலை எடுத்துக்கறேன்."

ஓட்டுநர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"பீரோ எங்கம்மா?"

சின்னவள் கண்ணைத் திறந்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"மணி ஆயிடுச்சா? அண்ணி! ஒரு மாசமா பிடிபடாத இடத்தை எழுதிட்டேன் அண்ணி! 'தொட்டுக்கிட்டு நிக்கறான்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இருக்கு, அது வீட்ல கேட்கவே இல்ல. என்ன அமைதி! சொன்னேனில்ல, எலி சத்தம்கூட..." அப்போதுதான் அவள் எல்லோரையும் எண்ணினாள். "என்ன ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

இளைய நர்ஸ் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வராமல் சிரித்துப் பழகியவள். உடம்பு மட்டும் குலுங்கியது.

"நீ வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கறே," என்றாள் அண்ணி.

"அது எல்லாரும் செய்யறதுதான் அண்ணி. எங்க துறையிலே சொல்லித்தர்றதே அப்படித்தான். கேட்டதை அதே மாதிரி ஒரு தடவை மெதுவா சொல்லிப் பார்த்தாத்தான் ஏத்த இறக்கம் பிடிபடும்."

"மெதுவாவா?"

"மெதுவாத்தான்."

"காதை அடைச்சுக்கிட்டா உன் மெதுவு உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னவள் ஹெட்ஃபோனைப் பார்த்தாள். பிறகு முதலுதவிப் பையைப் பார்த்தாள்.

"கத்தினேனா?"

"வேற யாரு, பீரோவா?"

"தினமுமா?"

"தினமும்."

"ரெண்டு வருஷமா?"

"தொண்டை கட்டின அந்த ஒரு வாரம் தவிர."

"அப்ப பசங்க..."

"நீ கத்தறதுல டிவி கேட்கலேன்னு அவங்க கத்துவாங்க. அவங்க கத்தறாங்கன்னு நீ காதை இன்னும் இறுக்கி அடைச்சுப்பே. அடைச்சா நீ இன்னும் கத்துவே. உங்க அண்ணன் தோட்டத்துக்குப் போயிடுவார்."

"ஏன் ஒரு நாள்கூடச் சொல்லல?"

"சொன்னா வாயை மூடிப்பே. தொண்டை கட்டின வாரம் ஒரு வரியாவது எழுதினியா நீ? அப்புறம், 'உங்களுக்குத் தொந்தரவு, நான் வேற இடம் பார்க்கறேன்'னு கிளம்பிடுவே. அதான் சொல்லல. கடைசியில எங்களால உனக்குத் தொந்தரவுன்னு கிளம்பிட்டே."

சின்னவள் ஹெட்ஃபோனை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாக, இந்தத் தடவை நிஜமாகவே மெதுவாக, கேட்டாள்.

"இப்ப, இங்க, கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நான் கேட்டேனே. 'இல்லையா அண்ணி'ன்னு. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் அண்ணி.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஓட்டுநர்தான் தொண்டையைக் கனைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். பீரோ உள்ள போச்சா இல்லையா?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க," என்றாள் சின்னவள். "பேசினவங்க பேச்சை வெளியில விடமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"பாதியை வெளியில விட்டுட்டீங்களே? மீதியைச் சொல்லலேன்னா எனக்குத் தூக்கம் எப்படி வரும்?"

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "அம்மாடி, நல்ல பொண்ணாத்தான் இருக்கே. ஆனா அறை கொடுக்க முடியாது. இந்த வீட்ல படுக்கறவங்க விடியற வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டி ஓட்டறாங்க."

"தெரியுதும்மா. மன்னிச்சுக்கோங்க." சின்னவள் பென்சிலைப் பெட்டியில் வைத்தாள். வைத்த பிறகும் பெட்டியை மூடவில்லை. எழுதின பக்கத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அந்தப் பருவம் முடிவதற்குள் இதே மாதிரி எத்தனை பக்கம் எழுத வேண்டியிருந்தது என்று அறையில் தெரிந்தவர்கள் இருவர்தான். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரித்துக்கொண்டிருந்த இளைய நர்ஸ் கண்ணைத் துடைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கவா? ஏழு மணிக்கு நாம எல்லாரும் கிளம்பிட்டா, தெருவுல யாரு இருப்பா?"

"யாரும் இருக்கமாட்டாங்க. அதுக்கென்ன?"

"காலையில எட்டுக்குத்தானே வர்றோம்?"

"ஆமா."

"அப்ப ராத்திரி இவங்க பீரோவைத் தூக்கட்டுமே. யார் எழுந்திருக்கப் போறா?"

வீட்டுக்காரம்மா வாயைத் திறந்து மூடினாள். இத்தனை வருஷத்தில் அமைதி கேட்டு வந்தவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். சத்தம் போட இடம் கேட்டு யாரும் வந்ததில்லை.

"பகல்ல?" என்றாள்.

"பகல்ல நான் தூங்கறேன்," என்றாள் சின்னவள். சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. "மத்தியானத்துக்கு மேலதான் எனக்கு வகுப்பு. எட்டு மணிக்கு நீங்க வரும்போது நான் படுத்துடுவேன். எழுந்து செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெளியில போயிடுவேன். நூலகத்துல இருப்பேன். நீங்க கிளம்பின பிறகுதான் திரும்பி வருவேன்."

"குறட்டை?"

"இல்ல. அண்ணி, நான் குறட்டை விடுவேனா?"

இந்தத் தடவை எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

"விடமாட்டா," என்றாள் அண்ணி. பிறகு, "ராத்திரி ஒரு தெருவுல தனியா ஒருத்தியா?" என்றாள்.

"பயமா இருந்தா கத்தட்டும்," என்றார் ஓட்டுநர். "அதானே அவங்க வேலை."

"தெருமுனையில ஆஸ்பத்திரிக் காவலாளி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்," என்றாள் மூத்த நர்ஸ். "அவர்கிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும். இல்லேன்னா அவரும் பையைத் தூக்கிட்டு வந்துடுவார்."

வீட்டுக்காரம்மா யோசித்தாள். யோசிக்கும்போது தலைத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "அண்ணி சம்மதிக்கணும். பெரியவங்க நீங்க சொல்லுங்க."

சின்னவள் அண்ணியிடம் வந்தாள். "அண்ணி?"

வேண்டாம் என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் சின்னவள் இங்கே வரமாட்டாள். அது இருவருக்கும் தெரியும். அண்ணி மேசை மேல் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். இரட்டையர் கத்த, சின்னவள் தானும் கத்த, ஒரு மாதமாக எழுத முடியாமல் இருந்த பக்கம்.

"எழுதி முடி," என்றாள். "அதான் முக்கியம்." அன்று காலையிலிருந்து அவள் பேசியதில் பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்டது அது ஒன்றுதான்.

ஓட்டுநர் கொட்டாவி விட்டபடி இறங்கினார். பாதிப் படியில் நின்று, "பீரோ வாசலைவிடப் பெரிசா? அதையாவது சொல்லுங்களேன்," என்றார். நர்சுகள் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்தாள். சாவிக் கொத்து குலுங்காமல் இருக்க அதற்கும் ஒரு சின்ன உறை.

தெருவில் இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். சின்னவள் காதோடு காதாகப் பேசிக்கொண்டே வந்தாள். மேசை விளக்கை எடுத்து வந்தால் போதும் அண்ணி, மற்றதெல்லாம் இங்கேயே இருக்கு. பக்கத்தறையைப் பசங்களுக்குக் கொடுத்துடலாம், ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க இல்ல. இனிமே அவங்க டிவியை எவ்வளவு குறைச்சாலும் கேட்கும். அண்ணனும் வீட்டுக்குள்ளயே இருக்கலாம். ஞாயித்துக்கிழமை நான் வந்துடுவேன், நீங்க காலை டூட்டி முடிச்சு வர்ற நேரத்துக்கு.

அண்ணி பதில் சொல்லாமல் நடந்தாள். தெருவின் வழக்கம் அது என்பதால் சின்னவளுக்கு முதலில் வித்தியாசமாகத் தெரியவில்லை. கடைசி வீடு போனது. திருப்பத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். எதிரே இரண்டு பேருந்துகள் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்து ஹாரன் அடித்தன. ஒருவன் இரும்புக் கம்பிகளை வண்டியிலிருந்து தடதடவென்று இறக்கிக்கொண்டிருந்தான். அண்ணி நேரே பார்த்தபடி, கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அண்ணி, மெயின் ரோடு வந்துடுச்சு. இப்பப் பேசலாம்."